இடப்பக்கத்துச் சலாம்

மொச்சைக்கொட்டை அளவு ஒரு கட்டி.
இருபத்திரண்டாம் நாள், வழிந்த பாலைத் துடைக்கையில்
என் விரல்தான் முதலில் கண்டது,
உன் கழுத்தின் இடப்பக்கச் சதைக்குள்
யாரோ முடிச்சுப் போட்டு
அவிழ்க்க மறந்ததுபோல.

தலை இடத்தோளில் சாய்ந்திருக்கும்,
முகமோ எப்போதும் வலப்பக்கம்.
சொன்ன கணக்கை நம்பாத கடைக்காரிபோல
ஒரு பார்வை.
படம் எடுத்து அனுப்பியதற்கு எல்லாரும்
"எவ்ளோ அழகாச் சாய்ச்சுப் பார்க்குறா" என்றார்கள்.
நானும் ஒரு வாரம் ரசித்தேன்.
அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

கீழ்வீட்டு ஜெயகுமாரி அக்கா,
"உரம் விழுந்திருக்கும்மா,
சேலையில போட்டு நாலு உருட்டு உருட்டினா
சாயங்காலமே சரியாயிடும்" என்று
சேலையை உதறிக்கொண்டே வந்துவிட்டாள்.
நல்ல சேலை. கொடுக்க மனம் வரவில்லை, உன்னை.

கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர்.
செவ்வாயும் வெள்ளியும் மின்ரயில்.
ஜன்னல் உன் இடப்பக்கம் வரும்படி
இருக்கை தேடுகிறேன்.
காற்றுக்காக என்று நினைத்து
ஒரு பூக்காரம்மா இடம் மாறிக் கொடுக்கிறாள்.
செங்கல் சிவப்பில் சென்ட்ரல், திரும்பு.
கூவம் வருகிறது, திரும்பு.
நீ என் புர்காவின் பொத்தானைப் பார்க்கிறாய்.

புளோரா மேடத்தின் ஒரு கை
உன் தோளை மெத்தையோடு அழுத்தும்,
மறு கை தலையைக் கிண்ணம்போல் ஏந்தும்.
வலக்காது வலத்தோளுக்கு. முப்பது எண்ணு.
பிறகு முகவாய் இடத்தோளுக்கு. முப்பது எண்ணு.
இப்போது நீ செய்.
நீ அலறுகிறாய்.
பைண்டிங் கடையில் ஐந்நூறு தாளை
நிற்காமல் எண்ணுகிறவள் நான்,
பத்து வினாடியில் முப்பதைத் தாண்டிவிட்டேன்.
"தாள் எண்ணாதேம்மா" என்றாள்,
உன்மேலிருந்து கண்ணை எடுக்காமல்.
"மூச்சை எண்ணு. அவ மூச்சை."
இந்த அழுகைக்குள் மூச்சு எங்கே இருக்கிறது?
தேடினேன்.
இருந்தது, பொடியாய்,
ஒரு விக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே.

வீட்டில் தலைமாடு கால்மாடாயிற்று.
கிலுகிலுப்பை இடப்பக்கம், டியூப்லைட் இடப்பக்கம்,
கடை அடைத்து வரும் உன் வாப்பாவும்
இடப்பக்கமாகத்தான் வந்து குனிய வேண்டும்.
பர்மா பஜாரில் செத்த போன்களை எழுப்புகிறவர்,
உன்னைக் குப்புறப் போட்டு
எதிரே தானும் குப்புறப் படுத்து
ஒவ்வொரு ரிங்டோனாக அடிக்கவிட்டார்.
நீ இரண்டு விரற்கடை தலை தூக்கி
பாயில் மூக்கை இடித்துக்கொண்டாய்.

தொழும்போது உன்னை என் இடப்பக்கம் படுக்க வைக்கிறேன்.
வலப்பக்கம் திரும்பிச் சலாம்: ஜன்னல்.
இடப்பக்கம் திரும்பிச் சலாம்: உன் பிடரி,
அதற்கப்பால் நீ பார்த்துக்கொண்டிருக்கும் சுவர்.
மலக்குகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.
உனக்குத்தான் பாக்கி.

பதினோராவது வாரம், லுஹர்.
வலப்பக்கம் கொடுத்துவிட்டு
இடப்பக்கம் நான் திரும்புகையில்
மண்ணடித் தெருவில் சிலிண்டர்காரன்
ஸ்பேனரால் இரும்பைத் தட்டினான்,
டங், டங்.
திரும்பினாய்.
கட்டி இருந்த இடம் கயிறாய்ப் புடைக்க
மூக்கு வந்தது, பிறகு ஒரு கண்,
வெகுநேரம் கழித்து மற்றது.
என்னைப் பார்க்கவில்லை.
என் தோளைத் தாண்டி
ஜன்னலில் அந்தச் சத்தத்தைத் தேடினாய்.
இடையில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.
சலாத்தை முழுதாகச் சொன்னேனா என்று
இன்னும் சந்தேகம்.

மூன்று மூச்சு.
மறுபடி சுவருக்கே போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை கோணமானியை வைத்து
"இன்னும் பதினஞ்சு டிகிரி இருக்கு" என்பாள் புளோரா.
இருக்கட்டும்.
வாப்பாவுக்குப் போன் செய்தேன்:
உங்க பொடி ஸ்க்ரூடிரைவரெல்லாம் வேண்டாம்.
வரும்போது பெரிய ஸ்பேனர் ஒன்று,
சத்தம் நல்லா வருதான்னு
தட்டிப் பார்த்து வாங்குங்க.