நிகர எடை

திருவாதவூர் விலக்கு எடைமேடைக்குக்
காவலும் நான்தான், கணக்கும் நான்தான்.
கல் லாரி ஏறி நிற்கும். ஓர் எண் விழும்.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் வரும். இன்னோர் எண்.
கழித்து எழுதிக் கொடுத்தால்
தூக்கக் கலக்கத்தில் ரூபாயை நீட்டுவார்கள்.

பட்டன் போனில் அந்தச் சிவப்பு ‘ஓ’வை ஏற்றிக் கொடுத்தது
மேலூர் ரீசார்ஜ் கடை சிக்கந்தர்.
கடல் தாண்டி எங்கேயோ ஒரு பெட்டி
பக்கத்தை வாங்கிப் பிழிந்து
சாறு மட்டும் அனுப்புமாம், சக்கை அங்கேயே.
முதல் நாள் செய்தியைத் திறந்தேன்.
வரிசை வரிசையாய்க் கட்டம்,
காளவாசலில் அடுக்கிய பச்சைக்கல் மாதிரி.
‘தமிழு இப்படி வராதுண்ணே’ என்று
முகவரி இடத்தில் என்னமோ தட்டி
அடிவரை இறங்கி
ஒரு ‘நோ’வை ‘யெஸ்’ ஆக்கினான்.
தமிழ் வந்தது.
எழுத்தாக அல்ல, எழுத்தின் படமாக.
படமென்றால் எடை.
பத்து கேபிக்குப் பத்துப் பைசா.
என் ‘அ’ இங்கிலீஷ் ‘ஏ’யை விடக் கனம் என்று
அன்றுதான் தெரியும்.

குரூப் ஃபோர் முடிவு வந்த ராத்திரி
மீதி இரண்டு ரூபாய் நாற்பது.
படங்களை நிறுத்தினேன்.
கோபுர முத்திரை இருக்க வேண்டிய இடத்தில்
வெறுங்கட்டம்.
தமிழையும் நிறுத்தினேன்.
நம்பருக்கு எதற்கு மொழி.

சோலைமணியின் நம்பர்
எடைச்சீட்டின் பின்பக்கம் இருந்தது.
நான்கில் ஒன்று. நான்கில் இரண்டு.
மூன்று இறங்கும்போது டாரஸ் ஒன்று ஏறி நின்றது,
நாற்பத்தோராயிரத்து நானூற்றிருபது கிலோ.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துத் திரும்பினால்

அவளுக்கு முந்திய நம்பர்
அவளுக்குப் பிந்திய நம்பர்

நடுவில் ஒரு வரிகூட விடவில்லை.
இருக்காது என்று தெரிந்தே
நாலாவதையும் இறக்கினேன்.
போன் கணக்குக் காட்டியது:
இதுவரை மிச்சம் தொண்ணூற்றொரு சதவீதம்.

ஏற்கெனவே பேசி வைத்ததுதான்.
இருந்தால் இரண்டு ரிங், இல்லையென்றால் ஒன்று.
பைசா செலவில்லை.
ஒன்று விட்டு வைத்தேன்.

அரை நிமிஷம்.
காசு போட்டு அவளே கூப்பிட்டாள்.
‘நல்லாப் பாத்தீகளா?
கடைசிப் பக்கம் முழுசா இறங்குச்சா?’

மேடையில் அடுத்த வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

‘இறங்கிருச்சு’ என்றேன்.