பதினேழாவது ரிலே

அடித்தளத்தில்
கொதிகலனுக்கும் ஸ்கீ மட்டைகளுக்கும் நடுவே
ஒட்டுப்பலகையை அறைந்து முடித்தான் வெண்டெல்.
அதன்மேல் இரண்டு தண்டவாளங்கள்.
ரயில் வராது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம்.
மட்டம் வைத்துப் பார்த்ததில்
குமிழி ஒரு மயிரிழை இடப்பக்கம்.
"பரவாயில்லை" என்றேன்.
கழற்றி மறுபடி மாட்டினான்.

இந்த வீட்டைக் கட்டியவர்கள்
ரிலேக்களைக் கூரைக்கடியில் உத்தரத்தோடு திருகிவிட்டார்கள்.
குளியலறையில் யாராவது விளக்குப் போட்டால்
என் தலைக்கு மேல் 'டக்'.
ஐந்து குளிர்காலம்
யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று
வீடே கோள் சொன்னது.

அதனால்தான் இந்த இடமாற்றம்.
உருளை ரிலே தண்டவாளத்தில் உட்காராது;
அலுமினியக் கோணத்தில் துளையிட்டு
ஒவ்வொன்றாகச் செருகினோம்.
சத்தத்தை விழுங்க
ட்ரூடியின் ஹாக்கி வட்டை நாலாக அறுத்து
பலகைக்கு முட்டுக் கொடுத்தான்.
(அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)

இருபத்துநான்கு வோல்ட், நூல் மாதிரிக் கம்பிகள்.
சிவப்பு போடும், கறுப்பு அணைக்கும்,
வெள்ளை இரண்டுக்கும் பொது.
ஒரு துடிப்பு போதும்,
எதிர்த்துடிப்பு வரும்வரை
ரிலே பிடித்த பிடியை விடாது.
புயலில் ஊரே இருண்டு மீண்டாலும்
விட்ட இடத்திலேயே நிற்கும்.

பதினாறு விளக்குகளுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன்.
பதினேழாவது எதற்கு என்று தெரியவில்லை.
அதன் பொத்தானைக் கடைசியில்
குளிர்பெட்டிக்குப் பின்னால் கண்டெடுத்தோம்,
மேலே மூன்று பூச்சுப் பெயின்ட்.

மீட்டரை வைத்தான் வெண்டெல்.
மூடியிருந்தது. நூற்றிருபது வோல்ட்
எங்கோ போய்க்கொண்டிருந்தது.

கம்பியின் பின்னால் நடந்தோம்:
கார் கொட்டகைச் சுவர், லைலாக் புதர்,
பிறகு மண்ணுக்குள், சரிவில், ஏரிப் பக்கம்.
அங்கே படகுத்துறை இருந்ததாம்.
ஒரு ஏப்ரலில் உடைந்த பனிப்பாளம்
அதை விளக்குக் கம்பத்தோடு இழுத்துப் போனதாம்.
பக்கத்து வீட்டு ஆர்விட்
வேலிக்கு அப்பால் நின்று சொன்னார், சாதாரணமாக.

நாணலுக்குள், அறுந்த முனை.
செம்பு பச்சையேறிக் கிடந்தது.
யாரோ 'போடு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
'அணை' என்று சொல்ல ஆளில்லை.
ஜூலை முழுக்க ட்ரூடி
இருபதடி தள்ளி நீந்திக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் பிரேக்கரை இறக்கினான்.
அந்தக் கம்பியைக் கழற்றி
முனையில் தொப்பி மாட்டி, நாடா சுற்றி,
மறுபடி நாடா சுற்றினான்.
இரவுச் சாப்பாட்டில் நாங்கள் பேசவில்லை.

ரிலேயைத் தூக்கிப் போடச் சொன்னான்.
நான் வரிசைக் கடைசியில் செருகினேன்,
சுமை எதுவும் இல்லாமல்.
சீட்டில் என்ன எழுதுவது என்று விளங்காமல்
'அணைந்திருக்கிறது' என்று எழுதினேன்.

படுக்கப் போகுமுன்
குளிர்பெட்டியை நகர்த்தி அழுத்திப் பார்க்கிறேன்.
வட்டுத் துண்டுகளையும் மீறி
கீழிருந்து, மெல்ல,
டக்.