பைந்தாலீஸ்

பதினோரு நாளாகத் திரையில் பூஜ்யம்.
மேல்விஷாரத்துக்குக் கிழக்கே
தோல் கழுவிய நீர் வந்து விழும் தொட்டியின் விளிம்பில்
மீட்டர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
கன்னியப்பன் டார்ச் அடித்துக் காட்டினார்:
"முள்ளு ஆடுது பாருங்க மேடம்.
உங்க பொட்டிதான் பொய் சொல்லுது."

பெட்டி என்னுடையதுதான். டிபன் பாக்ஸ் அளவு.
கெர்னலுக்குள் ஓடும் மாட்யூலும் நான் எழுதியதுதான்.
வெளியே ஓடும் நிரல் இடறினால்
கெர்னல் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.
உள்ளே இடறினால் வீடே சேர்ந்து விழும்.
என்னுடையது விழக்கூட இல்லை.
சமர்த்தாக உட்கார்ந்து பூஜ்யம் சொல்லிக்கொண்டிருந்தது.

இரவு ஒன்றரை, பம்ப் ரூம்.
சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த வாடை
முதல் பத்து நிமிடம்தான்;
அப்புறம் மூக்கு தானே கதவைச் சாத்திக்கொள்கிறது.

கம்பியில் ஓடுவதைப் பிடித்துப் பார்த்தேன்.
வருகிறது. நொடிக்கொரு பாக்கெட்.
நெட்வொர்க் அட்டை வாங்கி, யாரையும் கேட்காமல்,
நினைவக வளையத்தின் ஒரு குழியில் இறக்குகிறது,
கெர்னலின் தோளை ஒருமுறை தட்டுகிறது.
கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கெர்னல் வருகிறது.
உறைக்குள் உறை. எதையும் கிழிப்பதில்லை.
ஒரு சுட்டியைப் பதினான்கு பைட் தள்ளிவைக்கிறது,
அப்புறம் இன்னும் இருபது.
பாக்கெட் இருந்த இடத்திலேயே இருக்க
பார்வை மட்டும் உள்ளே போகிறது.
ஐபி கேட்கிறது: நம் முகவரியா? நம்முடையதுதான்.
டிசிபி கேட்கிறது: எந்தக் கதவு?
ஐந்நூற்று இரண்டு.
பட்டியலைப் புரட்டுகிறது.
ஐந்நூற்று இரண்டில் ஆளில்லை என்று
கோபமோ வருத்தமோ இல்லாமல் திருப்பி அனுப்புகிறது.

நொடிக்கொரு தடவை, பதினோரு நாள்.
ஒன்பதரை லட்சம் தடவை ஆளில்லை.

நான்தானே உட்கார வைத்தேன்?
காது கொடுத்துக் காத்திருக்கும் கதவுகளையெல்லாம் கொட்டச் சொன்னேன்.
கடைசி வரியில்
அறுபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு.
இந்த எண்ணை நான் கனவில்கூட எழுதியதில்லை.

கன்னியப்பன் மூலையில் டீக்கணக்கு கூட்டிக்கொண்டிருந்தார்.
"நாப்பத்தஞ்சு," என்றார் தனக்குத்தானே.
என் உதடு சத்தமில்லாமல் சொன்னது: பைந்தாலீஸ்.

எங்கள் வீட்டுக் கணக்கு அப்படி.
பைன், ஐந்து, அது முன்னால் வரும்;
நாற்பது பின்னால்.
சில்லறையை எண்ணிவிட்டு நோட்டை எடுப்பது மாதிரி.
வாசல் தாண்டி ஆற்காடு பஸ்ஸில் ஏறினால்
நாற்பது முன்னால், ஐந்து பின்னால்.
எந்தப் படியில் மாற்றிக்கொள்கிறேன் என்று
இன்றுவரை பார்த்ததில்லை.
எட்டு வயதில் ஒரேயொரு தடவை மாற்றாமல்
பால்காரருக்கு ஐம்பத்து நாலு கொடுத்தேன்.

இந்தச் சிப்பும் எங்கள் வீட்டு ஆள்.
சின்ன பைட்டை முன்னால் வைக்கும்.
கம்பிக்குக் கடைத்தெரு வழக்கம், பெரியதுதான் முதலில்.
இரண்டுக்கும் நடுவே ஒரு ஐந்தெழுத்துச் சொல் உண்டு.
திருப்பி வைப்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.
அதை எழுத மறந்திருந்தேன்.

எழுதினேன். மாட்யூலை இறக்கி ஏற்றினேன்.
மூன்று நொடி.
பூஜ்யம் நானூற்றுப் பன்னிரண்டு ஆனது.
நானூற்றுப் பதினெட்டு.
கன்னியப்பன் கைதட்டப் போனவர்
சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.
அனுமதி முந்நூறு.
கை அந்தரத்திலேயே நின்றது.

காலையில் மேனேஜர் இத்ரீஸ் வந்தார்,
திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.
பாலாற்றுப் பக்கம் ஜன்னலை அவரே சாத்தினார்.
"பழைய மாதிரியே வெக்க முடியுமா மேடம்?"

முடியாது சார், என்றேன்.
பெட்டி உண்மை சொல்லத் தொடங்கிய அந்தக் காலையில்
பொய் சொன்னது நான்.
ஐந்தெழுத்தை அழித்தால் போதும்.