ரப்பர்

முதல் பக்கத்தில் காப்பிக் கறை.
அதற்குக் கீழே என் பழைய கையெழுத்து:
தோரா இஸ்பிஸ்டர், பயிற்சி மருத்துவர்.
வயது இருபத்தெட்டு.
கட்டம் கண்ட இடமெல்லாம் டிக் போடும் அவசரம்.

'நிச்சயமின்மையைத் தாங்கத் தெரிந்தவர்.'
டிக்.
ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்
சாண்ட்விச்சுக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில்
நிச்சயமின்மையை முடித்துவிட்டேன்.

பிறகு ஓர்க்னியின் வடக்கே இந்தத் தீவு.
அறுநூறு பேர், நான் ஒருத்தி.
காற்று படகுகளைக் கட்டிப்போட்ட ஒரு ஜனவரி இரவில்
நண்டு பிடிக்கும் மான்சி ஃப்ளெட்டின் வயிறு
கல்லா, குடலா, இதயமேதானா என்று
என் விரல்களுக்குச் சொல்ல மறுத்தது.
ஹெலிகாப்டர் விடிந்த பிறகுதான் என்றார்கள்.
அவர் மனைவி டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்,
சர்க்கரை போடவே இல்லை.
எனக்குத் தெரியவில்லை என்று
முதன்முறையாக ஒரு சமையலறையில் சத்தமாகச் சொன்னேன்.
சரி, உட்காருங்கள் என்றார் மான்சி.
உட்கார்ந்தேன்.
மணிக்கொரு முறை நாடி.

அவர் பிழைத்தார். அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவுமில்லை.
வீட்டுக்கு வந்து, ஈரக் கோட்டைக் கழற்றாமலே
பாடத்திட்டக் கோப்பில் அந்த வரியைத் தேடி
டிக்கை அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

அதிலிருந்து பழக்கம்.
யாராவது என்னைத் திணறடித்தால்
அந்த அத்தியாயத்துக்குத் திரும்புவேன்.
கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு
"இன்னொரு விஷயம் டாக்டர்" என்ற பதினாறு வயதுப் பையன்.
எந்தச் சோதனையிலும் அகப்படாத ஒரு முதுகுவலி,
அதன் கணவன் பெயர் சொன்னால் மட்டும் கூடுவது.
ஓரத்தில் தேதி போடுவேன். பெயர் எழுதுவதில்லை.
புதிய பதிப்பு வந்தால் அச்செடுத்து மேலே ஒட்டுவேன்;
அடியில் கிடக்கும்
ஒரு காலத்தில் நம்பிக் கொடுத்த மருந்துகள்.
கோப்பு இப்போது மூடுவதில்லை.
வயிறு உப்பிய பசு மாதிரி அலமாரியில் கிடக்கிறது.

போன வியாழன் ஆண்டு மதிப்பீடு, திரையில்.
அபர்டீனிலிருந்து டாக்டர் ராத்ரே, என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர்.
"இது பயிற்சியில் இருப்பவர்களுக்கானது ஆயிற்றே?"
ஆமாம் என்றேன்.
"நீங்கள் எப்போது முடித்தீர்கள்?"
இணையம் சற்றுத் தடுமாறியது, நல்லவேளை.
அவர் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்க
நான் பக்கம் புரட்டினேன்.

ஒரு டிக் மட்டும் மிச்சமிருந்தது,
இருபத்தெட்டு வயதின் கருமையோடு, தேதியே இல்லாமல்:
'தன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்பவர்.'

மூன்று வாரமாக என் இடதுகை விரல்கள் மரத்துப்போகின்றன.
படகின் குளிர் என்று
எனக்கு நானே சொல்லியிருந்தேன்.
ஒரு நோயாளி இப்படிச் சொன்னால் விட்டிருப்பேனா?

திரை அணைந்ததும் இழுப்பறையைத் துழாவினேன்.
முத்திரை மைக்கு அடியில்
பட்டாணி அளவு ரப்பர்.
போதும்.

பிறகு கர்க்வாலுக்குப் போன் செய்தேன்.
என் குரலை அவர்களுக்குத் தெரியும்.
"சொல்லுங்க டாக்டர்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண்,
"நோயாளியின் பெயர்?"