பல்லைக் காட்டுதல்

நாற்பத்தோராவது டோக்கன் நான்.
தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தின் பின்கட்டில்
ஃபேனுக்கு மட்டும் வேலை கிடைத்திருந்த அறைக்கு வெளியே
பத்து மணியிலிருந்து நிற்கிறோம்.
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம், உதவியாளர், ஒப்பந்தம்,
மாதம் பதினோராயிரத்து ஐந்நூறு.

எனக்கு முன்னால் முனிரத்தினம், காரிமங்கலத்துக்காரன்.
சுவரைப் பார்த்து முணுமுணுக்கிறான்:
சிறுவயது முதலே மக்கள் சேவையில்…
அதே வரி என்னிடமும் இருக்கிறது.
பைபாஸ் ரோட்டு கோச்சிங் சென்டரில்
இருவருக்கும் ஒரே ஜெராக்ஸ்.
சம்பளப் பேச்சை எடுக்கவே கூடாது என்று
அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்களாம்.
ஜெராக்ஸில் அது கறுப்பாகத்தான் வந்தது.

வேலைக்காக எவனிடமும்
பல்லைக் காட்டாதே என்பார்கள்.
சிட்டான்கொட்டாயில் பிறந்தவர்களுக்கு அது சுலபம்.
காவி ஏறிய பல், நடுநடுவே சாக்பீஸ் வெள்ளைத் திட்டு.
சிரிப்பு வருமுன் கை வந்துவிடும்.
கல்லூரிக் குழுப்படத்தில்
உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பவள் நான்.
படத்துக்குப் பின்னால் எவளோ
'திமிர்' என்று எழுதியிருந்தாள்.
உறை போட ஓசூரில் ஒரு பல்லுக்கு ஆறாயிரம் கேட்டார்கள்.
முன்பல் எட்டு.
பெருக்கிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, பஸ் ஏறினேன்.

உள்ளே மூன்று பேர்.
ஒருவர் போனில்.
ஒருவர் என் டிசி நகலில் இனிஷியலைத் தேடிக்கொண்டிருந்தார்.
நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்:
'மாதேஸ்வரி, ஏன் இந்த வேலை?'

சிறுவயது முதலே, என்று தொடங்கினேன்.

'கையை எடுத்துட்டுப் பேசும்மா. காதுல விழல.'

எடுத்தேன்.

போன் கவிழ்ந்தது.
மூன்று பேரும் பார்த்தார்கள்,
விண்ணப்பத்தில் இல்லாத ஒரு பத்தியை
வாசிக்கிற மாதிரி.
அம்மாளின் குரல் இளகிவிட்டது.
'ஓ… இதனாலதானா?'

ஆமாம் என்றிருக்கலாம்.
ஜெராக்ஸை விட நல்ல பதில்.
அவரே எடுத்துக் கொடுத்த பதில்.
தலையை ஆட்டினால் போதும்.
ஆட்டவில்லை, ஏனென்றால் அது பொய்.

'இல்லைங்க மேடம்.
எட்டாவது படிக்கும்போது ஒருத்தர் பெட்டியோட வந்தாரு.
அவர் பாட்டில்ல கொண்டாந்த தண்ணிக்குச் சொட்டு விட்டாரு,
ரோஸ் கலர்ல நின்னுது.
எங்க பள்ளிக்கூடத்துப் பைப்புத் தண்ணிக்கும் விட்டாரு.
மஞ்சளா மாறிப்போச்சு.
விஷம் விஷம்னு எல்லாரும் பின்னால ஓடினாங்க.
நான் முன்னால போனேன்.
தினமும் குடிக்கிறேன், குளிக்கிறேன், துணி அலசுறேன்.
என்கிட்ட ஒருநாளும் ஒரு வார்த்தை பேசாத தண்ணி
அந்தாளுகிட்ட மட்டும் வாயைத் திறந்துச்சு.
எனக்குப் பொறாமையா இருந்துச்சுங்க.
கோவம் அப்புறம்தான் வந்துச்சு,
அதுவும் மத்தவங்க சொல்லி.
எனக்கு அந்தப் பெட்டி வேணும் மேடம்.
அது பேசும்போது நான் பக்கத்துல இருக்கணும்.
அப்புறம், சம்பளமும் வேணும்.'

எடுத்துவிட்டேன் அந்தப் பேச்சை.

போன்காரர் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது.
பழக்கத்தில் எழுந்த கை
பாதியில் நின்று,
எங்கே போவதென்று தெரியாமல்
ஃபைலைப் பிடித்துக்கொண்டது.

இனிஷியல்காரர் குளோரின் அளவு கேட்டார்.
சொன்னேன்.
கடினத்தன்மைக்கு என்ன சோதனை என்றார்.
பாதி சொன்னேன், மீதியை அவரே சொன்னார்.
'சரிம்மா. தபால்ல வரும்.'

முனிரத்தினம் போகாமல் நின்றிருந்தான்.
'சேவைன்னு சொன்னதுமே போதும்னுட்டாங்க.
உன்னை மட்டும் அவ்வளவு நேரம்?
என்ன பண்ணின?'

'பல்லைக் காட்டினேன்.'

அவன் வேறு விதமாகப் புரிந்துகொண்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
திருத்தலாமா என்று யோசித்தேன். பசித்தது.

தாழ்வாரத்தில் இருபது லிட்டர் கேன்,
சங்கிலியில் கட்டிய டம்ளர்.
பிடித்து, சங்கிலி விட்ட உயரம் வரை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
குடித்தேன்.
பென்னாகரம் பஸ் இரண்டே முக்காலுக்கு.