அறுபத்தாறுக்கும் அறுபத்தேழுக்கும் நடுவே

டுலூத்தில் ஏரிக்காற்று கூரையைப் பிரித்த வருடம்
ஆர்விட் லிண்ட்குவிஸ்ட்
கூரைக்கென்று வைத்திருந்த பணத்தில்
ஒரு டைம் வாங்கினான்.
நேரமல்ல, பத்து சென்ட் காசு.
1921. தரம் அறுபத்தேழு.

ஏற்கெனவே இருந்தது அறுபத்தாறு.
சிறகுத் தொப்பிக்காரியின் கன்னத்தில்
மயிரிழையாய் ஒரு கீறல்,
அவ்வளவுதான் வித்தியாசம்.
லென்ஸ் இல்லாமல் அவனுக்கும் தெரியாது.
மார்லிஸுக்குத் தெரிந்தது:
மாடிப்படியில் இரண்டு வாளி,
விடிய விடியச் சொட்டு.

ஒரு ரொட்டிகூட வாங்கியிராத காசு.
எந்த உள்ளங்கை வியர்வையும் படாததற்குத்தான்
இத்தனை விலை.
விளக்கடியில் மெல்லச் சாய்த்தால்
ஆரக்கால்களாய் ஒளி சுழலும்.
அந்த அரை நிமிடம்
வாளி கேட்காது.

பழையதை விற்க
பனியில் செயின்ட் பால் வரை ஓட்டிப்போனான்.
வாங்க வந்தவள் டெல்ஃபீன், பேருந்து ஓட்டுநர்.
ஏழு வருடச் சேமிப்பு, கசங்கிய உறையில்.
காசைச் சாய்த்தாள்.
மூச்சு விட மறந்தாள்.
கீறலைக் காட்ட நீட்டிய விரலை
மடக்கிக்கொண்டான்.
அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில்
நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கினான்.
ஓரத்தில் சின்னக் கிழிசல்,
அதனால் பாதி விலை.