பெயரில் ஒரு ள

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில்
உன்னைப் பீரோவிலிருந்து எடுப்பார்கள்.
பீரோ சாவி ஹெச்.எம். அறையில்,
உன் சார்ஜர் பி.டி. சாரிடம்.
ஹெட்செட்டில் வலது பக்கம் மட்டும் கேட்கும்.
எனக்கு அது போதும்.
இடது காதில் வகுப்பு கேட்க வேண்டுமே,
யார் சிரிக்கிறார்கள் என்று.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்,
நான் சொல்கிறேன்.
கொம்பு முன்னால் நிற்கும்
அதன் சத்தம் பின்னால் வரும்.
‘கொ’ என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
நடுவில் மாட்டிக்கொண்ட க.
இப்படி யார் வைத்தது என்று கேட்டதற்கு
நாலாம் வகுப்பில் முட்டி போட்டேன்.
ன மூன்று இருக்கிறது. ல மூன்று இருக்கிறது.
மிஸ் போர்டுப் பக்கம் திரும்பியதும்
கடைசி பெஞ்ச் இடம் மாறுமே,
அதேபோல
நான் கண் சிமிட்டுவதற்குள் மாறி உட்கார்ந்துவிடும்.

ரேங்க் கார்டில் சிவப்பு மையில்
‘சோம்பேறி’ என்று எழுதியிருந்தது.
அதையும் என்னால் படிக்க முடியவில்லை.
அக்கா முத்தழகி வாங்கிப் பார்த்துவிட்டு
“கையெழுத்து நல்லாருக்குன்னு போட்டிருக்குடா” என்றாள்.
இரண்டு வருஷம் நம்பினேன்.

ஒத்தக்கடை நிறுத்தத்தில்
பஸ் போர்டை நான் பார்ப்பதே இல்லை.
முன் கண்ணாடியில் விரிசல் எந்தப் பக்கம்,
ஹாரன் எப்படி அழும்,
கண்டக்டர் கழுத்தில் என்ன நிறத் துண்டு.
மாட்டுத்தாவணிக்கு ஏற வேண்டியவன்
ஒருநாளும் மேலூர் போய் இறங்கியதில்லை.
இதோ ஜன்னலுக்கு வெளியே படுத்திருக்கிறது யானைமலை.
அதை எவனாவது எழுத்துக்கூட்டியா படிக்கிறான்?
பார்த்ததும் யானை.

நீ வாய் திறந்தால்
பக்கத்தின் மேல் ஒரு மஞ்சள் நகர்கிறது.
நீ சொல்லும் சொல்லில் நிற்கும்,
பிறகு அடுத்ததற்குப் போகும்.
இருட்டில் மாடி ஏறும்போது
கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே போவேன்,
அப்படிப் போகிறேன் அதன் பின்னால்.
ஆமைப் படம் போட்ட பொத்தானை
யாருக்கும் தெரியாமல் இரண்டு முறை அமுக்குவேன்.
தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகளாம்.
தவளையைத் தெரியும் எனக்கு.
அது புத்தகத்துக்குள்ளும் இருந்தது தெரியாது.

ஆனாலும் உன் தமிழ் எந்த ஊர்த் தமிழ்?
கேள்விக்குறி வந்தாலும் குரல் ஏறாது.
‘ஐயோ’ என்பதை
ரேஷன் கடையில் கார்டு நம்பர் கூப்பிடுவது போலச் சொல்கிறாய்.

போன செவ்வாய்
மைமூன் மிஸ் வருகைப் பட்டியலை உன்னிடம் கொடுத்தார்.
ஸ்பீக்கரில் போட்டார்.
சிக்கந்தர், உள்ளேன் மிஸ்.
சின்னக்கருப்பு, உள்ளேன் மிஸ்.
அப்புறம் நீ
“செ... ளந்தரபாண்டி.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.
மிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
ஔகாரம் எங்கே இருக்கிறதென்று தெரியாத யாரோ
செ அடித்து, பக்கத்தில் ள அடித்திருக்கிறார்கள்.
திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
எல்லார் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிந்தது
உனக்கு மட்டும் வேறாகத் தெரிந்தது.

என் பெயரில் நான் திக்கிய அதே இடம்.
ஒன்றாம் வகுப்பில், அதே ள.

உன்னை யாரும் முட்டி போடச் சொல்லவில்லை.
“அது மேல தப்பில்ல,
நாமதான் அதுக்குப் புரியற மாதிரி குடுக்கணும்” என்றார் மிஸ்.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம்
சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார்.
பிறகு என்னைக் கூப்பிட்டு
நீயே மாத்து என்றார்.
செ, ள இரண்டையும் அழித்தேன்.
அந்த ஒற்றைப் பொத்தானைத் தேட
கொஞ்சம் நேரமாயிற்று.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

“சௌந்தரபாண்டி” என்றாய்.
உள்ளேன்.

இன்றைக்கு உன்னிடம் ஏழு சதவீதம்தான் இருக்கிறது.
தவளைக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி.
பி.டி. சார் மைதானத்தில்
கோகோவுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.
டேய் சிக்கந்தர்,
ஓடிப்போய் சார்ஜரை வாங்கிட்டு வாடா.